மயக்க மருந்தும் இரத்த அழுத்தமும்: ஆய்வக விலங்குகளின் சாட்சியம்

விழித்த நிலையில், தன் கூண்டில் அமைதியாக இருக்கும் ஆய்வக எலியின் சராசரித் தமனி அழுத்தம் 100 முதல் 120 மி.மீ. பாதரச அளவில் நிற்கும். இதயம் நிமிடத்துக்கு 300 முதல் 400 முறை துடிக்கும். அதே எலியை ஐசோஃபுளூரேன் வாயுவால் மயக்கினால் சில நிமிடங்களில் அழுத்தம் இறங்கத் தொடங்கும். வாயுவின் செறிவைக் கூட்டக்கூட இன்னும் இறங்கும். கீட்டமின் ஊசி போட்டால் இறங்காமல் நிற்கும், சில வேளை ஏறவும் செய்யும். கீட்டமினோடு சைலசினையும் சேர்த்தால் முதலில் ஏறி, பிறகு நெடுநேரம் தாழ்ந்து கிடக்கும். துடிப்பும் வெகுவாகக் குறையும். விலங்கு ஒன்று, தமனி ஒன்று, அளவுகோல் ஒன்று. மாறியது மருந்து மட்டும். இரத்த அழுத்தத்தை உடல் எப்படிக் காத்துக்கொள்கிறது என்று பாடநூல்கள் சொல்வதில் பெரும்பகுதி மயக்கப்பட்ட நாய், பூனை, முயல், எலி ஆகியவற்றிடமிருந்து கிடைத்தது. ஆகவே, அவை எந்த மயக்கத்தில் கிடந்தன என்ற கேள்வி அந்த அறிவின் அடித்தளத்தையே தொடுகிறது.

நொடிக்கு நொடி அழுத்தத்தைக் காக்கும் முதன்மை ஏற்பாடு ஓர் அனிச்சைச் செயல். மூளைக்குச் செல்லும் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், பெருந்தமனியின் வளைவிலும், தமனிச் சுவர் இழுபடுவதை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் சுவர் விரியும். இந்த அழுத்த உணரிகள் அடுக்கடுக்காகச் சமிக்ஞை அனுப்பும். அது முகுளத்தின் பின்பகுதியிலுள்ள தனிக்கற்றைக் கருவை அடைகிறது. அங்கிருந்து இரு வழிகள் பிரிகின்றன. ஒன்று வேகஸ் நரம்பைத் தூண்டி இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. மற்றொன்று, முகுளத்தின் முன்பகுதியில் ஓயாமல் இயங்கிப் பரிவு நரம்புகளை முடுக்கிக்கொண்டிருக்கும் நரம்பணுக்களைத் தணிக்கிறது; இரத்தக் குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் பழைய நிலைக்கு இறங்குகிறது. அழுத்தம் விழும்போது இதே பாதை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும் மனிதர் தலைசுற்றி விழாமல் இருப்பது இதனால்தான். இதற்குப் பின்னால் மெதுவாக இயங்கும் காவல்கள் இரண்டு உண்டு: சிறுநீரகத்திலிருந்து தொடங்கும் ரெனின்–ஆஞ்சியோடென்சின் தொடர், மூளையின் அடியிலிருந்து சுரக்கும் வாசோபிரசின்.

அனிச்சைப் பாதையில் செய்தி கடத்தும் இரசாயனங்களைக் கவனித்தால் சிக்கல் தெளிவாகும். உணரிகள் தனிக்கற்றைக் கருவில் செய்தியை ஒப்படைப்பது குளூட்டமேட் வழியாக. பரிவு நரம்பணுக்களைத் தணிக்கும் இறுதிக் கட்டளையைக் கொண்டுபோவது காபா. மயக்க மருந்துகளில் பெரும்பாலானவை காபாவின் வேலையைக் கூட்டியே உணர்விழக்கச் செய்கின்றன. கீட்டமின் குளூட்டமேட்டின் ஒருவகை வாயிலை அடைத்து அதைச் செய்கிறது. அதாவது, வலியையும் விழிப்பையும் அணைப்பதற்காகத் தரும் மருந்து, ஆராய்ச்சியாளர் அளக்க வந்த பாதையின் அதே கண்ணிகளில் கைவைக்கிறது.

அதற்காக மயக்கமே இல்லாமல் எடுத்த அளவீடு உண்மையானது என்று கொள்ளவும் முடியாது. இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்த சோதனையே இதற்குச் சான்று. இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், 1733இல் வெளியான தம் நூலில், ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, தொடைத் தமனியில் பித்தளைக் குழாய் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்ததை விவரிக்கிறார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. இன்றைய அலகில் இது ஏறத்தாழ 190 மி.மீ. பாதரசம். ஓய்விலிருக்கும் குதிரையின் சராசரி அழுத்தத்தைவிட இது மிக அதிகம். கட்டுண்டு, காயம்பட்டு, மிரண்டு கிடந்த விலங்கின் அழுத்தத்தையே ஹேல்ஸ் அளந்தார். வலியும் அச்சமும் பரிவு நரம்புகளை உச்சத்துக்கு ஏற்றிவிடும் என்று அன்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

1846இல் பாஸ்டனில் ஈதர் மயக்கம் பொதுவெளியில் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். அதே 1847இல் ஜெர்மனியில் கார்ல் லுட்விக், அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுழலும் உருளையில் கோடாக வரையும் கருவியைப் பற்றி வெளியிட்டார். அழுத்தத்தைத் தொடர்ந்து பதியும் கருவியும் விலங்கை அசையாமல் கிடத்தும் மருந்தும் ஒருசேரக் கிடைத்தன. உடலியங்கியல் அவற்றின்மேல் வளர்ந்தது. 1866இல் சியோனும் லுட்விக்கும் முயலின் கழுத்தில் ஒரு மெல்லிய நரம்பைக் கண்டார்கள். அதன் மூளைப்பக்க முனையைத் தூண்டியதும் அழுத்தம் இறங்கியது. கழுத்துத் தமனியின் உணரிகளை 1920களில் ஹெரிங் விளக்கினார். அந்தத் தமனிப் பகுதியும் பெருந்தமனியும் சுவாசத்தை நெறிப்படுத்துவதில் கொண்ட பங்கைக் கண்டதற்காகக் கோர்னெய் ஹேமான்ஸ் 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் மயக்கப்பட்ட நாய்களை.

மருந்தே முடிவைத் திசைதிருப்பும் என்பதற்கு மிகப் பழைய, மிகப் பெரிய எடுத்துக்காட்டு இந்திய மண்ணில் நடந்தது. குளோரோஃபார்ம் தரப்பட்ட நோயாளிகளில் சிலர் அறுவைமேசையிலேயே திடீரென இறந்தார்கள். மூச்சு முதலில் நிற்கிறதா, இதயம் முதலில் நிற்கிறதா என்பதில் மருத்துவ உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. ஹைதராபாதில் ரெசிடென்சி அறுவை மருத்துவராக இருந்த எட்வர்ட் லாரி எடின்பரோ மரபில் பயின்றவர். மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் உறுதி. நிஜாம் மஹபூப் அலி கானின் பொருளுதவியோடு 1888இல் நாய்களை வைத்து நடந்த முதல் குழுவின் முடிவும் அதையே சொன்னது. ‘தி லான்செட்’ இதழ் ஐயம் எழுப்பியது. நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்து, இதழே ஓர் ஆளை அனுப்பிச் சரிபார்க்கட்டும் என்றார். 1889இல் லண்டனிலிருந்து தாமஸ் லாடர் பிரன்டன் வந்து சேர்ந்தார். நாய், குரங்கு முதலான நூற்றுக்கணக்கான விலங்குகளின் தமனிகளில் அழுத்தமானி பொருத்தப்பட்டது. குளோரோஃபார்ம் ஏற ஏற அழுத்தம் படிப்படியாக இறங்கியது, மூச்சு நின்றது, இதயம் அதற்குப் பிறகே ஓய்ந்தது. லாரிக்கு எதிராக வாதாடியவர்களில் ஒருவராக இருந்த பிரன்டனும் இந்த முடிவை ஏற்றுக்கொண்டார்.

பதிவுகள் பொய்யல்ல. ஆனால் அவை ஆழ்ந்த மயக்கத்தின் பதிவுகள். 1893இல் கேம்பிரிட்ஜில் காஸ்கெலும் ஷோரும் ஒரு விலங்கின் மூளைக்கு மட்டும் குளோரோஃபார்ம் கலந்த இரத்தம் போகுமாறு இணைப்பு அமைத்துப் பார்த்தார்கள், அழுத்தம் விழவில்லை. எனவே, அழுத்தத்தை வீழ்த்தியது மூளை நடுவம் ஓய்ந்ததல்ல, மருந்து நேராக இதயத்தைத் தாக்கியதுதான் என்று அவர்கள் வாதிட்டார்கள். புதிர் முழுதாக அவிழ்ந்தது 1911இல். குட்மன் லெவி பூனைகளுக்கு லேசாக மட்டும் குளோரோஃபார்ம் கொடுத்து, சிரையில் சிறிதளவு அட்ரினலினைச் செலுத்தினார். இதயக் கீழறைகள் ஒழுங்கிழந்து துடிதுடித்தன, அழுத்தம் சரிந்தது, பூனை இறந்தது. மயக்கம் ஆழமாக இருந்தபோது இப்படி நேரவில்லை. மேசையில் இறந்த நோயாளிகள் பலரும் மயக்கத்தின் தொடக்கத்தில், அச்சத்தில், தங்கள் உடலே சுரந்த அட்ரினலினோடு இறந்தவர்கள். ஹைதராபாதில் அத்தனை விலங்குகள் கிடத்தப்பட்டும் இந்த மரணம் கண்ணில் படாததற்குக் காரணம், மருந்தின் அளவு கேள்விக்குப் பொருந்தவில்லை என்பதே. மயக்கத்தின் ஆழம் பரிசோதனையின் விடையை முன்கூட்டியே முடிவுசெய்துவிடும் என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் நிகழ்வு மயக்கவியல் வரலாற்றில் அரிது.

நவீன வாயு மருந்துகள் அனிச்சையின் எந்தக் கண்ணியைத் தளர்த்துகின்றன என்பதை 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜீன் சீகார்டும் உடன்பணியாளர்களும் நாய்களில் வரிசையாக ஆராய்ந்தார்கள். கழுத்துத் தமனியின் உணரிப் பகுதியைத் தனியே பிரித்து, அதற்குள் அழுத்தத்தைத் தேவைக்கேற்ப ஏற்றியும் இறக்கியும், ஒவ்வொரு கட்டத்திலும் நரம்பின் மின்சமிக்ஞையைப் பதிந்தார்கள். ஹாலோத்தேன், ஐசோஃபுளூரேன் இரண்டுமே பரிவு நரம்புகளின் செயல்பாட்டைக் குறைத்தன. நரம்பு முடிச்சுகளில் செய்தி கைமாறுவதையும் இதயத்தின் எதிர்வினையையும் மந்தமாக்கின. எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. உணரிகளின் கூர்மை மயக்கத்தில் கூடியது. அழுத்தம் அதே அளவில் இருக்கையில் அவை முன்பைவிட அதிகச் சமிக்ஞை அனுப்பின. அழுத்தம் போதிய அளவு இருப்பதாக மூளை தவறாக எண்ணிக்கொள்ள இடம் ஏற்பட்டது. ஆக, மயக்கத்தில் அழுத்தம் விழுவது ஒரே ஓர் இடத்தில் நேரும் பழுதன்று. இதயத் தசையும் குழாய்ச் சுவரும் நேராகவே தளர்கின்றன. அந்த வீழ்ச்சியை ஈடுகட்ட வேண்டிய அனிச்சையும் அதே நேரத்தில் வலுவிழக்கிறது.

மருந்துக்கு மருந்து இதன் முகம் மாறும். ஹாலோத்தேன் முதன்மையாக இதயத்தின் சுருங்கும் வலுவைக் குறைக்கும். ஐசோஃபுளூரேன் முதன்மையாகக் குழாய்களை விரிக்கும். பல பத்தாண்டுகள் ஆய்வகங்களை ஆண்ட பென்டோபார்பிட்டால் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்திவிடும். ஓய்வில் மெதுவாகத் துடிக்கும் நாயின் இதயம் அதனால் வேகமெடுக்கும். அந்த நாயிடம் அனிச்சையின் வலிமையை அளப்பவர், வேகஸின் பங்கை அறவே காணாமல் போகலாம். கீட்டமின் இதயத் தசையைத் தனியே எடுத்துப் பார்த்தால் வலுக்குறைக்கும் மருந்துதான். உயிருள்ள விலங்கில் பரிவு நரம்புகளை முடுக்கி அந்தக் குறையை மறைக்கிறது. அதிர்ச்சியிலோ இரத்தப்போக்கிலோ பரிவு நரம்புகள் களைத்துப்போன விலங்குக்கு அதே கீட்டமின் கொடுத்தால் மறைப்பு விலகும், அழுத்தம் விழும்.

அனிச்சைகளை ஆராய்வோர் நெடுங்காலம் நாடியது குளோரலோஸை. 1893இல் ஹான்ரியோவும் ஷார்ல் ரிஷேயும் அறிமுகப்படுத்திய மருந்து அது. தண்ணீரில் எளிதில் கரையாது. சூடாக்கிக் கரைத்து, ஆறிப் படிவதற்குள் செலுத்த வேண்டும். அதன் மயக்கத்தில் கிடக்கும் பூனையின் மேசையை விரலால் தட்டினால் உடல் வெடுக்கென்று துள்ளும். அனிச்சைகள் அந்த அளவுக்குப் பிழைத்திருப்பதே அதன் சிறப்பு. வலி தணிக்கும் ஆற்றல் குறைவு என்பதே அதன் குறை. எலி ஆய்வுகளில் அதன் இடத்தை யூரித்தேன் பிடித்தது. ஒரே ஊசியில் பல மணிநேரம் நிலையான மயக்கம், ஓரளவு காக்கப்பட்ட அனிச்சைகள் என்பவை அதன் பலம். ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். விலங்கைப் பிழைக்கவைக்கும் அறுவைக்கு ஆகாது. அடர்த்தியான கரைசலாக வயிற்றுக்குள் செலுத்தினால் இரத்தத்திலிருந்து நீரை இழுத்து வயிற்றறையில் தேக்கும். அப்போது விழும் அழுத்தத்தில் எவ்வளவு மயக்கத்தால், எவ்வளவு நீரிழப்பால் என்று பிரித்தறிவது கடினம்.

மேசையருகே நின்று பார்த்தால் இன்னும் சில தெரியும். 300 கிராம் எலியின் உடலில் மொத்தமே ஏறத்தாழ 20 மி.லி. இரத்தம்தான். தொடைத் தமனியில் நுண்குழாயை ஏற்றும்போது 2 மி.லி. சிந்தினால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. மயக்கத்தில் உடல் தன் வெப்பத்தைக் காக்காது. மரப் பலகையோ வெற்று மேசையோ எதன்மேல் கிடத்தினாலும், சூடேற்றும் விரிப்பு இல்லையென்றால் சிறிய விலங்கு விரைவில் குளிர்ந்துவிடும். சுண்டெலிக்கு இது இன்னும் வேகமாக நேரும். விழித்த நிலையில் நிமிடத்துக்கு 500 முதல் 600 முறை துடிக்கும் அதன் இதயம், கீட்டமின்–சைலசின் மயக்கத்தில் 200, 300 என்று இறங்கிவிடுவதுண்டு. குளிரும் சேர்ந்தால் இன்னும் தாழும். தானே மூச்சுவிடும் விலங்கில் மூச்சு ஆழம் குறையக் குறைய இரத்தத்தில் கரியமிலவாயு சேரும். அது ஒருபுறம் குழாய்களை விரிக்கும், மறுபுறம் பரிவு நரம்புகளைத் தூண்டும். திரையில் அழுத்தக் கோடு சீராக ஓடுவதைப் பார்த்து நிறைவடையக்கூடாது. எதிரெதிர் விசைகள் இரண்டு அப்போதைக்குச் சமமாக இழுத்துக்கொண்டிருக்கலாம்.

மெதுவான காவல்களின் நிலையும் மாறிவிடுகிறது. போதிய உப்பு உண்டு அமைதியாக இருக்கும் விலங்கில் ஆஞ்சியோடென்சினைத் தடுத்தால் அழுத்தம் அதிகம் அசையாது. வாயு மயக்கத்தில் கிடத்தி வயிற்றைத் திறந்த பிறகு அதே தடுப்பு மருந்தைக் கொடுத்தால் அழுத்தம் சட்டென விழும். பரிவு நரம்புகள் தளர்ந்த இடத்தில் ரெனினும் வாசோபிரசினும் சுமையைத் தோளேற்றுக்கொண்டுள்ளன என்பது பொருள். மயக்கப்பட்ட எலியை மட்டும் பார்த்தவர், ஓய்வில் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதே ஆஞ்சியோடென்சின் என்று எழுதிவிடக்கூடும். மருத்துவமனையில் இதன் நிழல் நேரடியாக விழுகிறது: ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு அறுவையின்போது எளிதில் மீளாத அழுத்த வீழ்ச்சி ஏற்படுவதும், அதற்கு வாசோபிரசின் வகை மருந்து கைகொடுப்பதும் மயக்க மருத்துவர்கள் அறிந்தவை.

விடையின் அளவு மட்டுமின்றித் திசையே மாறிப்போன நிகழ்வும் உண்டு. 1980இல் டால்மன், பெரோன், ரைஸ் ஆகியோர் மயக்கப்பட்ட எலிகளின் தனிக்கற்றைக் கருவில் மிக நுண்ணிய அளவு குளூட்டமேட்டைச் செலுத்தினார்கள். அழுத்தமும் துடிப்பும் இறங்கின. அழுத்த உணரிகள் தூண்டப்பட்டால் எப்படியோ அப்படியே. அனிச்சையின் முதல் தூதுவன் குளூட்டமேட் என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. 1992இல் பிரேசிலின் ரிபைராவ் பிரேட்டோவில் பெனெடிட்டோ மசாடோவும் லெனி பொனகாம்பாவும் அதே சோதனையை, முன்பே நுண்குழாய் பொருத்தி, விழித்து நடமாடும் எலிகளில் செய்தார்கள். அழுத்தம் ஏறியது. அதே எலிகளை மயக்கியபின் செய்தபோது இறங்கியது. தனிக்கற்றைக் கருவுக்கு அழுத்த உணரிகளின் செய்தி மட்டும் வருவதில்லை. ஆக்சிஜன் குறைவை அறிவிக்கும் வேதி உணரிகளின் செய்தியும் அங்கேதான் இறங்குகிறது. அது பரிவு நரம்புகளை எழுப்பி அழுத்தத்தை ஏற்றும். குளூட்டமேட் இரண்டு கதவுகளையும் தட்டுகிறது. மயக்கம் அழுத்தத்தை ஏற்றும் வழியை அடக்கிவிட, இறக்கும் வழி மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. பழைய சோதனை பிழையல்ல; பாதிப் படம். அந்தப் பாதியை முழுமை என்று பன்னிரண்டு ஆண்டுகள் கருதவைத்தது மயக்க மருந்து.

விழித்த விலங்கில் அளப்பதற்கான முயற்சி இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1973இல் கவ்லி, லியார்ட், கைட்டன் மூவரும் அழுத்த உணரிகளின் நரம்புகளை அறுத்த நாய்களை, அறுவையிலிருந்து தேறிய பின், அமைதியான அறையில் 24 மணிநேரமும் பதிந்தார்கள். உணரி போனால் நிரந்தர உயர் அழுத்தம் வரும் என்பது அதுவரை நிலவிய கருத்து. சராசரி சுமார் 10 மி.மீ. அளவே கூடியிருந்தது, ஆனால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் மேலும் கீழும் அலைந்தது. உணரிகளின் வேலை அழுத்தத்தின் நெடுநாள் மட்டத்தை நிர்ணயிப்பதைவிட அதன் அலைச்சலை அடக்குவதே என்பது அப்போது வெளிப்பட்டது. 1990களில், உடலுக்குள் பதித்து வானொலி அலையால் அளவை அனுப்பும் கருவிகள் எலிக்கும் பிறகு சுண்டெலிக்கும் வந்தன. 2005இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட பரிந்துரைகள், விலங்குகளில் அழுத்தத்தின் அளவையும் ஏற்ற இறக்கத்தையும் துல்லியமாக அறிய இந்த முறையையே முன்னிறுத்தின. பிரிட்டனில் ஜூலியன் பேட்டன் 1990களில் உருவாக்கிய மற்றொரு முறையில், ஆழ்ந்த மயக்கத்தில் முன்மூளை நீக்கப்பட்டு, இதயமும் மூளைத்தண்டும் செயற்கைத் திரவ ஓட்டத்தால் உயிர்ப்போடு வைக்கப்படுகின்றன. வலியை உணரும் பகுதியே இல்லாததால் மயக்க மருந்தின் தேவையும் அதன் குறுக்கீடும் இல்லை.

இவை எவையும் மயக்கத்தை ஆய்வகத்திலிருந்து அகற்றிவிடவில்லை, அகற்றவும் கூடாது. 1876இல் பிரிட்டன் இயற்றிய விலங்குவதைச் சட்டம், வலிதரும் சோதனைகளுக்கு மயக்கத்தை விதியாக்கியது. தசைகளை மட்டும் முடக்கும் குராரேயை மயக்க மருந்தாகக் கொள்ளக்கூடாது என்றும் எழுதிவைத்தது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், அறுவை சார்ந்த சோதனைகள் இயன்றவரை போதிய மயக்கத்தில் நடக்க வேண்டும் என்கிறது. தசை முடக்கப்பட்ட விலங்கால் துள்ளவோ கத்தவோ முடியாது. அதன் பாதத்தைக் கிள்ளும்போது அழுத்தக் கோடு எகிறுகிறதா என்பதே, மயக்கம் போதவில்லை என்று அது சொல்லக்கூடிய சில அடையாளங்களுள் ஒன்று. அந்தக் கோட்டைக் கவனிக்காமல் விடுவது அறிவியல் பிழை மட்டுமல்ல, கொடுமை.

விலங்கு ஆய்வுகளை வெளியிடுவதற்கென 2010இல் பிரிட்டனில் வகுக்கப்பட்டு 2020இல் திருத்தப்பட்ட ‘அரைவ்’ நெறிகள், மயக்கமும் வலிநிவாரணமும் எப்படித் தரப்பட்டன என்பதை எழுதச் சொல்கின்றன. இரத்த அழுத்த ஆய்வில் அது வெறும் சம்பிரதாய வரியாக நின்றுவிடக்கூடாது. மருந்தின் பெயர், அளவு, செலுத்திய வழி, மயக்கி எவ்வளவு நேரம் கழித்து அளந்தார்கள், உடல் வெப்பம், மூச்சுக்குக் கருவி இருந்ததா, இரத்தத்தின் கரியமிலவாயு அளவு ஆகிய ஏழும் வேண்டும். இவை இல்லாத கட்டுரையில் அச்சாகியிருக்கும் அழுத்த எண்ணை வாசகர் ஏற்க வேண்டியதில்லை.